ஊடுருவல் கண்டறி விதிகளின் தன்னியக்க இற்றைப்படுத்தல்

ஊடுருவல் கண்டறி விதிகளின் தன்னியக்க இற்றைப்படுத்தல் என்பது, கணினி வலையமைப்பின் மீதான தாக்குதல்களை அடையாளம் காணும் மென்பொருளுக்கு வேண்டிய விதிகளை, குறித்த நேரந்தோறும் ஒரு சிறுநிரல் தானாகவே இணையத்திலிருந்து பெற்று, சோதித்து, நடைமுறைக்குக் கொண்டுவரும் முறை ஆகும். ஸ்னார்ட், சுரிகாட்டா ஆகிய திறந்த மூல மென்பொருள்களை இயக்குவோர் இம்முறையைப் பரவலாகக் கையாளுகின்றனர். ஆயிங்க்மாஸ்டர், புல்டுபோர்க், சுரிகாட்டா-அப்டேட் ஆகியன இதற்கென எழுதப்பட்ட கருவிகளுள் நன்கு அறியப்பட்டவை.

கண்டறியும் மென்பொருளும் அதன் விதிகளும் வெவ்வேறானவை. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியை அறிந்தவர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஜக்கார்டு பெட்டி பொருத்திய தறியில், கரையிலும் முந்தானையிலும் எந்த உருவம் விழவேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளின் கோவையே முடிவு செய்கிறது. உருவத்தை மாற்றத் தறியை மாற்ற வேண்டியதில்லை, அட்டைகளை மாற்றினால் போதும். அதுபோல, கண்டறி மென்பொருள் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகவே இருக்கலாம். அது எதைத் தேடுகிறது என்பதை விதிக்கோப்புகள் முடிவு செய்கின்றன. சேலையின் கரை நெசவாளர் விரும்பும்போது மாறுகிறது. விதிகளோ தாக்குபவர் புதுவழி கண்டுபிடிக்கும்போதெல்லாம் மாறியாக வேண்டும். இற்றைப்படுத்தலைத் தன்னியக்கமாக்கும் தேவை இங்கிருந்தே எழுகிறது.

விதியின் அமைப்பு

ஒரு விதி என்பது பெரும்பாலும் ஒரே வரியில் அடங்கும் உரை. அதன் தொடக்கத்தில், பொருத்தம் கண்டால் செய்யவேண்டிய செயல் இருக்கும்: எச்சரிக்கை எழுப்புதல் அல்லது பொதியைத் தடுத்தல். அடுத்து வலையமைப்பு நெறிமுறை, அனுப்பும் கணினியின் முகவரியும் துறை எண்ணும், திசையைக் காட்டும் அம்புக்குறி, பெறும் கணினியின் முகவரியும் துறை எண்ணும் வரும். பின்னர் அடைப்புக்குறிகளுக்குள், பொதியின் உள்ளே தேட வேண்டிய பைட்டுகள், அவை இருக்கவேண்டிய இடம், எச்சரிக்கையில் காட்டவேண்டிய செய்தி முதலியவை எழுதப்படும்.

ஒவ்வொரு விதிக்கும் ஓர் அடையாள எண்ணும் ஒரு திருத்த எண்ணும் உண்டு. விதியின் சொற்கள் மாறினால் திருத்த எண் ஒன்று கூடும். அடையாள எண் மாறாது. இற்றைப்படுத்தும் கருவிகள் அனைத்தும் இந்த அடையாள எண்ணையே பிடித்துக்கொண்டு வேலை செய்கின்றன. எண்களைப் பங்கிடுவதிலும் ஒரு வழக்கம் உண்டு. பத்து இலட்சத்துக்குக் கீழ்ப்பட்ட எண்கள் ஸ்னார்ட்டின் அலுவல்முறை விதிகளுக்கு உரியவை. அதற்கு மேல், நிறுவனங்கள் தமக்கென எழுதிக்கொள்ளும் விதிகள் பத்து இலட்சத்திலிருந்தும், எமெர்ஜிங் திரெட்ஸ் தொகுப்பின் விதிகள் இருபது இலட்சத்திலிருந்தும் தொடங்குகின்றன. சொந்தமாக விதி எழுதும் மாணவர் இவ்வழக்கத்தை மீறினால், அடுத்த இற்றைப்படுத்தலில் வேறொரு விதி அதே எண்ணுடன் வந்து மோதக்கூடும்.

முகவரிகள் விதியில் நேரடியாக எழுதப்படுவது அரிது. 'நம் வலையமைப்பு', 'வெளி வலையமைப்பு' என்னும் பொருளுடைய மாறிகளே எழுதப்படும். அவற்றின் மதிப்பை ஒவ்வொரு நிறுவனமும் தன் அமைவடிவக் கோப்பில் நிரப்பிக்கொள்ளும். ஒரே விதி உலகெங்கும் பொருந்துவது இதனால்தான். புதிய விதியொன்று இதுவரை வரையறுக்கப்படாத மாறியைப் பயன்படுத்தினால் இடர் நேர்வதும் இதனால்தான்.

விதிகளின் ஊற்றுகள்

ஸ்னார்ட்டை 1998 இல் மார்ட்டின் ரோஷ் என்பவர் எழுதினார். 2001 இல் அவர் தொடங்கிய சோர்ஸ்பயர் நிறுவனம் அதை வளர்த்தது. அந்நிறுவனத்தை 2013 இல் சிஸ்கோ வாங்கியது. தொடக்கத்தில் விதிகள் அனைத்தும் எவரும் எடுத்தாளும் வகையில் இருந்தன. 2005 இல் சோர்ஸ்பயர் தன் ஆய்வாளர்கள் எழுதும் விதிகளுக்குத் தனி உரிமத்தை ஏற்படுத்தியது. இன்று சிஸ்கோவின் தாலோஸ் குழு வெளியிடும் விதிகள் கட்டணம் செலுத்துவோருக்கு உடனேயும், கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்டோருக்கு முப்பது நாள் கழித்தும் கிடைக்கின்றன. இவற்றுடன் முற்றிலும் தளையற்ற சமூக விதித்தொகுப்பு ஒன்றும் உண்டு. பதிவு செய்துகொண்டவருக்கு வழங்கப்படும் நீண்ட குறிச்சொல் 'ஆயிங்க்கோடு' எனப்படுகிறது. ஸ்னார்ட்டின் சின்னம் பன்றி. 'ஆயிங்க்' ஆங்கிலேயர் காதில் பன்றியின் குரல். இத்துறையின் கருவிகள் பலவற்றுக்குப் பன்றித்தொழுவத்துப் பெயர்கள் அமைந்திருப்பது இவ்விளையாட்டின் தொடர்ச்சியே.

இரண்டாவது பெரிய ஊற்று எமெர்ஜிங் திரெட்ஸ். தன்னார்வலர்கள் ஒன்றுகூடி எழுதிய விதிகளாகத் தொடங்கிய இது, 2015 முதல் புரூப்பாயிண்ட் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. இதன் திறந்த தொகுப்பைக் காத்திருப்பும் கட்டணமும் இன்றி எவரும் பெறலாம். பொருள்வளம் குறைந்த கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் பெரும்பாலும் இதையே நம்பியிருக்கின்றன.

முப்பது நாள் இடைவெளி சிறிய செய்தி போலத் தோன்றலாம். அது எப்போது பெரிதாகிறது என்பதைக் கீழே ஒரகடம் நிகழ்வில் காண்க.

கருவிகள்

புதிய தொகுப்பைப் பதிவிறக்கிப் பழையதன் மேல் விரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணத் தோன்றும். தொடக்ககாலப் பயனர்கள் அவ்வாறே செய்தனர். ஒவ்வொரு முறையும் தாங்கள் செய்திருந்த மாற்றங்களை இழந்தனர். எந்த நிறுவனத்திலும் தொகுப்பின் எல்லா விதிகளும் பயன்படுவதில்லை. அலுவலக அச்சுப்பொறி அனுப்பும் இயல்பான பொதியைத் தாக்குதல் என்று நாளுக்கு ஆயிரம் முறை கூவும் விதியை நிர்வாகி அணைத்துவைப்பார். மறுநாள் புதிய கோப்பு அவ்விதியை மீண்டும் உயிர்ப்பிக்கும். ஆகவே, உலகுக்குப் பொதுவான விதிகளையும் ஓர் இடத்துக்கே உரிய மாற்றங்களையும் பிரித்துவைத்து, ஒவ்வொரு முறையும் இரண்டையும் சேர்த்துப் புதிய கோப்பை உருவாக்குவதே இக்கருவிகளின் முதன்மையான பணி.

ஆந்திரியாசு ஓஸ்ட்மன் பேர்ல் மொழியில் எழுதிய ஆயிங்க்மாஸ்டர் இப்பணியைத் திறம்படச் செய்த முதற்கருவி எனலாம். எந்த விதி எண்களை அணைப்பது, எவற்றை இயக்குவது, எவற்றின் சொற்களை எவ்வாறு திருத்துவது, எந்தக் கோப்புகளைத் தொடாமல் விடுவது என்பனவற்றை ஓர் அமைவடிவக் கோப்பில் எழுதிவைத்தால், ஒவ்வோர் இற்றைப்படுத்தலின் முடிவிலும் அவற்றை அது மீண்டும் பொருத்தும். புதிதாகச் சேர்ந்தவை, நீக்கப்பட்டவை, மாறியவை என்று பட்டியலும் தரும். அதன் கடைசிப் பெரும் பதிப்பு 2006 இல் வந்தது. பின்னர் வந்த புல்டுபோர்க்கும் பேர்ல் மொழியில் எழுதப்பட்டதே. அணைப்பவை, இயக்குபவை, தடுப்பாக மாற்றுபவை, திருத்துபவை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கோப்புகளை வைத்துக்கொண்டது. 2021 சனவரியில் ஸ்னார்ட் 3 வெளியானதையடுத்து அதற்கேற்ப இக்கருவி பைத்தான் மொழியில் புதிதாக எழுதப்பட்டது.

சுரிகாட்டாவைத் திறந்த தகவல் பாதுகாப்பு அறக்கட்டளை உருவாக்குகிறது. அதன் முதற் பதிப்பு 2010 இல் வந்தது. பைத்தானில் எழுதப்பட்ட சுரிகாட்டா-அப்டேட் என்னும் கருவி 2018 இல் வெளியான 4.1 ஆம் பதிப்பு முதல் மென்பொருளுடன் சேர்த்தே வழங்கப்படுகிறது. புதிதாகக் கற்போர் இதிலிருந்து தொடங்குவது எளிது: வேறொன்றும் சொல்லாவிட்டால் எமெர்ஜிங் திரெட்ஸின் திறந்த தொகுப்பை எடுத்து, எல்லா விதிகளையும் ஒரே கோப்பாக இணைத்துக் கொடுத்துவிடும்.

சிறுநிரலின் போக்கு

ஆயத்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், அதைச் சுற்றி நிர்வாகி எழுதும் சிறுநிரல் ஒன்று இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் இதைக் குறித்த நேரத்தில் எழுப்புவது கிரான் என்னும் பணியமர்த்தி. தாலோஸ் விதிகள் பொதுவாக வாரம் இருமுறையும், எமெர்ஜிங் திரெட்ஸ் விதிகள் வேலைநாள்தோறும் வெளியாவதால், நாளுக்கு ஒருமுறை இயக்குவது பெரும்பாலான இடங்களுக்குப் போதும். நள்ளிரவு 12 மணிக்கோ சரியாக மணி தொடங்கும் நேரத்திலோ வைக்கக் கூடாது என்பது பழைய அறிவுரை. உலகெங்கும் எல்லோரும் அதே நொடியில் கேட்டால் வழங்கி திணறும். 3 மணி 17 நிமிடம் போன்ற ஏதோவொரு நேரம் நல்லது.

எழுந்த நிரல் முதலில் வழங்கியிலுள்ள தொகுப்பின் சரிபார்ப்புத் தொகையை மட்டும் கேட்டு, தன்னிடமுள்ளதோடு ஒப்பிடும். இரண்டும் ஒன்றானால் பதிவிறக்கத் தேவையில்லை. வேறுபட்டால் சுருக்கப்பட்ட தொகுதியைத் தற்காலிக அடைவொன்றில் இறக்கும். உணரி படித்துக்கொண்டிருக்கும் அடைவில் நேராக இறக்குவது தவறு. இறக்கிய கோப்பின் தொகையை மீண்டும் கணித்து ஒப்பிட வேண்டும். இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். எம்.டி.5 போன்ற தொகை, கோப்பு வழியில் சிதைந்ததா என்பதை மட்டுமே காட்டும். வழங்கியைக் கைப்பற்றிய ஒருவர் கோப்பையும் தொகையையும் சேர்த்தே மாற்றிவிடலாம். ஆகவே மறையாக்கப்பட்ட இணைப்பும் வழங்கியின் மின்சான்றிதழைச் சரிபார்த்தலும் இன்றியமையாதவை. சான்றிதழ்ப் பிழை வருகிறது என்று அச்சோதனையை அணைத்துவிடுமாறு சொல்லும் அறிவுரைகள் உண்டு; அதைப் பின்பற்றுபவர், தன் காவலாளிக்கு யார் வேண்டுமானாலும் கட்டளையிடலாம் என்று கதவைத் திறந்துவைக்கிறார்.

அடுத்த படி, உள்ளூர் மாற்றங்களைப் பொருத்திப் புதிய விதிக்கோப்பை உருவாக்குதல். அதற்கடுத்த படியே பலரும் தவிர்ப்பது: சோதனை. ஸ்னார்ட், சுரிகாட்டா இரண்டிலும், போக்குவரத்தைக் கவனிக்காமல் அமைவடிவத்தையும் விதிகளையும் மட்டும் படித்துப் பிழை கூறும் சோதனைத் தெரிவு உண்டு. பிழையுள்ள விதியை இவை இரண்டும் எதிர்கொள்ளும் விதம் வேறு. ஸ்னார்ட் 2 ஒரு விதி புரியாவிட்டாலும் தொடங்காமல் நின்றுவிடும். சுரிகாட்டா இயல்பாக அவ்விதியை மட்டும் தள்ளிவிட்டு மற்றவற்றுடன் இயங்கும். முதலாவது முரட்டுத்தனம் போலத் தோன்றினாலும் உடனே தெரிந்துவிடும். இரண்டாவதில், தள்ளப்பட்ட விதிகள் எத்தனை என்று யாராவது பதிவேட்டைப் படித்தால்தான் தெரியும்.

சோதனை தேறினால் பழைய கோப்பைக் காப்புநகலாக வைத்துக்கொண்டு, புதியதை ஒரே நகர்த்தலில் அதன் இடத்தில் வைக்க வேண்டும். லினக்ஸில் ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர்மாற்றம் ஒருங்கே நிகழும் செயல் ஆதலால், பாதி எழுதப்பட்ட கோப்பை உணரி படிக்கும் நிலை எழாது. இறுதியாக உணரிக்குச் சைகை அனுப்ப வேண்டும். சுரிகாட்டா நிற்காமலே புதிய விதிகளை ஏற்றுக்கொள்ளும். ஆயினும் ஏற்றும் சில நொடிகளுக்குப் பழைய விதிகளும் புதிய விதிகளும் ஒருசேர நினைவகத்தில் இருக்கும். பத்தாயிரக்கணக்கான விதிகள் உள்ள தொகுப்பில் இதற்கு நினைவகம் கணிசமாக வேண்டும். பழைய மேசைக்கணினியில் உணரி அமைத்த மாணவர்கள், பகலெல்லாம் நன்றாக ஓடிய மென்பொருள் விடியற்காலையில் மட்டும் சாய்ந்து கிடப்பதைக் கண்டு குழம்புவதற்குக் காரணம் பலநேரம் இதுவே.

ஒரகடம், மே 2017

காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயில்களும் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் பெரும் தொழிற்பேட்டைகள் உள்ளன. ஒரகடத்தில் ரெனோ, நிசான் நிறுவனங்கள் கூட்டாக நடத்திய மகிழுந்து ஆலை 2010 இல் திறக்கப்பட்டது. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்னும் பணயத் தீநிரலால் பாதிக்கப்பட்ட இடங்களுள் இவ்வாலையும் ஒன்று. பிரான்சிலும் இங்கிலாந்திலும் உள்ள அந்நிறுவனங்களின் ஆலைகளும் அப்போது பாதிப்படைந்தன. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் முடங்கின. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் தாக்கப்பட்டதாக ஐரோப்பியக் காவல் அமைப்பு மதிப்பிட்டது.

வான்னாகிரை ஒரு கணினிப் புழு. யாரும் எதையும் சொடுக்காமலே, விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் சேவையின் 445 ஆம் துறை வழியே ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. கோப்புகளை மறையாக்கம் செய்து, மீட்க 300 டாலர் மதிப்பில் பிட்காயின் கேட்டது. அது பயன்படுத்திய பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏப்ரல் 14 அன்று அவ்வோட்டையைத் துளைக்கும் கருவி 'எட்டர்னல்புளூ' என்ற பெயரில் இணையத்தில் கசிந்தது. அதே ஏப்ரலில் எமெர்ஜிங் திரெட்ஸின் திறந்த தொகுப்பில் இதற்கான விதிகள் சேர்ந்தன. தாலோஸும், இக்கருவியுடன் கசிந்த டபுள்பல்சார் என்னும் பின்வாசல் நிரலுக்கான விதிகளை ஏப்ரல் இறுதி வாரத்தில் தந்தது.

இப்போது முப்பது நாள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏப்ரல் இறுதி வாரத்தில் வந்த தாலோஸ் விதி, கட்டணம் செலுத்தியவருக்கு அன்றே கிடைத்தது. பதிவு மட்டும் செய்துகொண்டவருக்கு அது மே இறுதி வாரத்தில்தான் கிடைத்திருக்கும். புழுவோ மே 12 அன்று வந்துவிட்டது. எமெர்ஜிங் திரெட்ஸின் திறந்த தொகுப்பை நாள்தோறும் இறக்கிக்கொண்டிருந்த ஒரு சிறிய அலுவலகத்திடம் மூன்று வாரத்துக்கும் மேலாக அதற்குரிய விதி இருந்திருக்கும். அதே தொகுப்பை மார்ச்சில் ஒருமுறை நிறுவிவிட்டு மறந்துபோன பெரிய அலுவலகத்திடம் ஒன்றும் இருந்திருக்காது. ஊற்றுகளைத் தெரிந்தெடுப்பதும், ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்ப்பதும் இற்றைப்படுத்தும் நிரலின் ஒரு பகுதியே என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

விதியின் எல்லையையும் இங்கே சொல்ல வேண்டும். போக்குவரத்தின் நகலை மட்டும் கவனிக்கும் உணரி புழுவை நிறுத்தாது. எந்தக் கணினி முதலில் நோய்ப்பட்டது, அது யாரைத் தேடுகிறது என்பதைக் காட்டும். அக்கணினியின் கம்பியைப் பிடுங்க ஒரு மனிதர் ஓட வேண்டும். மேலும், உணரி இணைய வாயிலில் மட்டும் இருந்தால், ஆலைக்குள்ளேயே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் பொதிகள் அதன் கண்ணில் படா. மார்ச் மாதத் திருத்தத்தை நிறுவிய கணினியை இப்புழு தன் வழியில் தொற்ற இயலாது. அதுவே உண்மையான மருந்து. ஆனால் இடைவிடாது ஓடும் உற்பத்திக் கணினிகளை நிறுத்தித் திருத்தம் நிறுவுவது ஆலைகளில் எளிதன்று. அந்த இடைக்காலத்தில்தான் விதிகளுக்கு மதிப்பு கூடுகிறது.

இன்னும் விரைவான புழுக்களும் வந்ததுண்டு. 2003 சனவரி 25 அன்று பரவிய எஸ்.கியூ.எல். சுலாமர் வெறும் 376 பைட்டு அளவுடையது. தாக்கத்தக்க கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடத்துக்குள் எட்டிவிட்டது. அவ்வளவு வேகத்துக்கு நாளொருமுறை ஓடும் நிரல் ஈடுகொடுக்காது.

எச்சரிப்பதா, தடுப்பதா

சில நிறுவனங்கள் உணரியைப் போக்குவரத்தின் நடுவிலேயே வைத்து, பொருந்தும் பொதிகளைத் தடுக்கச் செய்கின்றன. அவ்வாறாயின், இற்றைப்படுத்தும் நிரல் ஒவ்வொரு புதிய விதியையும் எச்சரிக்கையிலிருந்து தடுப்பாகத் தானே மாற்றலாமா என்னும் கேள்வி எழுகிறது. மாற்றுவதற்கு எல்லாக் கருவிகளிலும் வசதி உண்டு. வான்னாகிரையே இதற்கு எதிரான பாடத்தையும் தந்தது.

அப்புழு எழுந்தவுடன், பொருளற்ற நீண்ட பெயருடைய ஓர் இணையத் தளத்தைத் தொடர்புகொள்ள முயலும். தளம் பதில் கூறினால் வேலையை நிறுத்திவிடும். மே 12 அன்றே பிரித்தானிய ஆய்வாளர் ஒருவர் அப்பெயரைப் பதிவு செய்ததால் பரவல் பெருமளவு அடங்கியது. தீநிரல் தொடர்புகொள்ளும் தளம் என்றால் உடனே தடுக்க வேண்டும் என்பது பாதுகாப்புத் துறையினரின் இயல்பு. ஆனால் இந்தத் தளத்தைத் தடுத்த வலையமைப்புகளில் புழுவுக்குப் பதில் கிடைக்கவில்லை; அது தொடர்ந்து மறையாக்கம் செய்தது. பிரித்தானியாவின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் அத்தளத்தைத் தடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்த நேர்ந்தது. அத்தளத்தைத் தேடும் விதி எச்சரிக்கையாக இருந்தால் நோயுற்ற கணினியைக் காட்டும் நல்ல விதி. அதே விதி தடுப்பாக மாறினால் கேடு.

எனவே புதிய விதிகளைச் சில நாளாவது எச்சரிக்கை நிலையில் வைத்து, இயல்பான போக்குவரத்தில் அவை பொய்யாகக் கூவுகின்றனவா என்று பார்த்தபின் தடுப்புக்கு மாற்றுவது நன்று. ஆபத்து கண்முன் நிற்கும் விதிகளுக்கு மட்டும் நிர்வாகி கைப்பட விலக்களிக்கலாம்.

சோதனையற்ற தன்னியக்கம் எவ்வளவு பெரிதாகப் பிழைக்கக்கூடும் என்பதை 2024 சூலை 19 காட்டியது. வலையமைப்பை அன்றி ஒவ்வொரு கணினியையும் உள்ளிருந்து காக்கும் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் உணரிக்கு, இந்திய நேரம் காலை 9:39 மணிக்குக் கண்டறிதல் தரவுக்கோப்பு ஒன்று தானாகச் சென்றது. அக்கோப்பின் வார்ப்புரு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. உணரி 20 மட்டுமே கொடுத்தது. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்க முயன்ற கணினிகள் சாய்ந்தன. 78 நிமிடத்தில் கோப்பு திரும்பப் பெறப்பட்டும், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் அதற்குள் முடங்கிவிட்டன. சென்னை உட்பட இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்கு நுழைவுச்சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பல உணரிகளை வைத்திருக்கும் நிறுவனம் முதலில் ஒன்றில் மட்டும் புதிய விதிகளை ஏற்றி, சில மணி நேரம் கழித்து மற்றவற்றுக்கு அனுப்பும் வழக்கம் இத்தகைய விபத்துகளை முன்னிட்டதே.

கூடங்குளமும் பின்னோக்கிய தேடலும்

விதி எப்போதும் தாக்குதலுக்குப் பின்னரே பிறக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதை, 2004 முதல் இயங்கிவரும் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4 அன்று தெரிவித்தது. அது டிட்ராக் என்னும் வகையைச் சேர்ந்தது எனப் பின்னர் செய்திகள் வெளிவந்தன. டிட்ராக் குறித்த விரிவான ஆய்வைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் அச்செப்டம்பர் இறுதியில்தான் வெளியிட்டது. அக்டோபர் இறுதியில் நிலையத்தின் தரப்பில் முதலில் மறுப்பும், மறுநாள் இந்திய அணுமின் கழகத்தின் ஒப்புதலும் வந்தன. நிலையத்தை இயக்கும் உள்வலையமைப்பு தனித்து இருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்று கழகம் கூறியது.

இவ்வகைத் தாக்குதல்களில், இன்று இறக்கிய விதி நேற்றுவரை நடந்ததைக் காட்டாது. இதற்கொரு வழி, போக்குவரத்தின் பதிவை இயன்ற அளவு சேமித்துவைத்து, புதிய விதிகள் வந்ததும் அவற்றைப் பழைய பதிவின் மீது ஓட்டிப் பார்ப்பது. ஸ்னார்ட்டும் சுரிகாட்டாவும் சேமித்த பொதிக்கோப்புகளை நேரடிப் போக்குவரத்தைப் போலவே படிக்கும். இற்றைப்படுத்தும் நிரலின் கடைசி வரியாக இதைச் சேர்ப்பது கடினமன்று. வட்டில் இடம்தான் வேண்டும். முழுப் பொதிகளையும் வைக்க இயலாதவர் தொடர்புகளின் சுருக்கப் பதிவையாவது வைக்கலாம். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட நெறிமுறை, கணினிப் பதிவேடுகளை 180 நாள் காக்கவும், கடிகாரங்களைக் குறிப்பிட்ட நேர வழங்கிகளோடு ஒத்திசைக்கவும், பாதுகாப்பு நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் நிறுவனங்களைப் பணிக்கிறது. எச்சரிக்கை எந்த நொடியில் எழுந்தது, அப்போது எந்தத் திருத்த எண்ணுள்ள விதி நடைமுறையில் இருந்தது என்று சொல்ல முடிய வேண்டுமானால், ஒவ்வொரு நாளின் விதிக்கோப்பையும் தேதியிட்டு வைத்திருப்பது நன்று. கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இட்டுவைத்தால் இது தானே நடக்கும்.

ஓசையின்றி நிற்றல்

இற்றைப்படுத்தும் நிரல்களின் பெருங்குறை, அவை நின்றுபோவது யாருக்கும் தெரியாமல் இருப்பதே. உணரி பழைய விதிகளுடன் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய தாக்குதல்களுக்கு எச்சரிக்கையும் எழுப்பும். எல்லாம் நலம் போலவே தோன்றும். நிற்பதற்கான காரணங்கள் எளியவை. ஆயிங்க்கோடு காலாவதியாகலாம். மென்பொருளின் பழைய பதிப்புக்கான தொகுப்பை வழங்கி நிறுத்திவிடலாம். தீச்சுவரில் யாரோ செய்த மாற்றத்தால் வெளித்தொடர்பு அடைபடலாம். வட்டு நிரம்பலாம். கையால் இயக்கும்போது ஓடும் நிரல், கிரான் எழுப்பும்போது கட்டளைகளின் இருப்பிடம் தெரியாமல் விழலாம். வழங்கி தொகுதிக்குப் பதிலாகப் பிழைப்பக்கம் ஒன்றை அனுப்ப, நிரல் அதையே தொகுதியென்று சேமித்து 'வெற்றி' என்று எழுதிவிடுவதும் உண்டு.

ஆதலால் நிரலின் வெற்றிச் செய்தியை நம்பாமல், விளைவை அளக்க வேண்டும். நடைமுறையிலுள்ள விதிக்கோப்பின் வயது மூன்று நாளைக் கடந்தால் மின்னஞ்சல் வரவேண்டும். விதிகளின் எண்ணிக்கை முந்தைய நாளைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் புதிய கோப்பை ஏற்காமல் நிற்கவேண்டும். இவ்விரண்டையும் இற்றைப்படுத்தும் நிரலுக்குள்ளேயே எழுதுவது பயனற்றது. அது ஓடாதபோது அதன் சோதனைகளும் ஓடா. வேறொரு கணினியில் வேறொரு பணியாக அமைக்க வேண்டும்.

உணரி உண்மையில் கேட்கிறதா என்று அறிய ஒரு பழைய விதி உதவுகிறது. எமெர்ஜிங் திரெட்ஸ் தொகுப்பில் 2100498 என்னும் எண்ணுடைய அவ்விதி, யுனிக்ஸ் கணினியில் முழு அதிகாரம் பெற்ற பயனர் தன் அடையாளத்தைக் கேட்கும்போது வரும் பதில் வரி, மறையாக்கமின்றி வலையமைப்பில் செல்கிறதா என்று பார்க்கும். அதே வரியைக் கொண்ட ஒரு சிறு பக்கத்தை, உணரியின் கண்பார்வைக்குள் வரும் வழியாக நாள்தோறும் ஒரு கணினி கேட்டுப் பெறுமாறு அமைக்கலாம். அதற்குரிய எச்சரிக்கை அடுத்த சில நிமிடத்தில் பதிவேட்டில் வராவிட்டால், உணரி உறங்குகிறது, அல்லது புதிய விதிகளை ஏற்றும்போது சாய்ந்துவிட்டது, அல்லது கம்பியை யாரோ வேறு துளையில் செருகிவிட்டார்கள் என்று பொருள்.